650 டாலர் கார்: ஓல்ட்ஸ் மோட்டார் ஒர்க்ஸ் கண்டுபிடித்ததும் கைவிட்டதும்

1904ல் அமெரிக்காவில் அதிகக் கார்களை விற்ற கம்பெனி ஃபோர்டு அல்ல, ஓல்ட்ஸ் மோட்டார் ஒர்க்ஸ். அந்த ஆண்டு அது விற்றது 5,508 வண்டிகள். 1905ல் 6,500. அதற்கடுத்த ஆண்டே விற்பனை 1,600க்கு இறங்கியது, 1908ல் 1,055தான். இந்தச் சரிவுக்கு இடையில் தொழிற்சாலை எரியவில்லை, கார் வாங்க வருகிற கூட்டமும் குறையவில்லை. கூட்டம் வருடா வருடம் கூடிக்கொண்டேதான் போனது. அவர்கள் வேறு கடைக்குப் போனார்கள்.

ஓல்ட்ஸ் கதையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1901ல் நடந்த தீ விபத்திலேயே நின்றுவிடுகிறார்கள். தொழிற்சாலை எரிந்தது, ஒரே ஒரு சின்னக் கார் தப்பியது, அதை வைத்தே கம்பெனி உலகப் புகழ் பெற்றது என்று கதை முடிந்துவிடும். நல்ல கதைதான். ஆனால் இந்தக் கம்பெனியை உயர்த்தியது தீ அல்ல, வீழ்த்தியதும் விபத்து அல்ல என்பது என் முடிவு. இரண்டுமே மேஜையில் உட்கார்ந்து எடுத்த தீர்மானங்கள். அந்தத் தீர்மானங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பதற்குத்தான் இந்த ஆய்வு.

லான்சிங்கில் ஒரு பட்டறை

ரான்சம் எலி ஓல்ட்ஸ் பிறந்தது 1864ல், ஒஹாயோ மாநிலத்தில். அப்பா ப்ளைனி ஓல்ட்ஸ் கொல்லு வேலையும் இயந்திர வேலையும் தெரிந்தவர். 1880ல் குடும்பம் மிச்சிகன் மாநிலத்தின் லான்சிங் நகருக்குக் குடிபெயர்ந்து, அங்கே ஒரு பட்டறை போட்டது. சின்னச் சின்ன நீராவி எந்திரங்கள் செய்து விற்பதுதான் தொழில். மகன் அதிலேயே வளர்ந்தார், பிறகு பங்குதாரர் ஆனார்.

1887 வாக்கில் மூன்று சக்கர நீராவி வண்டி ஒன்றைச் செய்து ஊர்த் தெருவில் ஓட்டிப் பார்த்தார். அடுத்து இன்னும் கொஞ்சம் தேறிய ஒரு நீராவி வண்டி. 1892ல் சயின்டிஃபிக் அமெரிக்கன் பத்திரிகையில் அதைப் பற்றிச் செய்தி வந்தது. அதைப் பார்த்துவிட்டு லண்டன் மருந்து வியாபாரக் கம்பெனி ஒன்று பம்பாயிலிருந்த தன் கிளைக்காக அந்த வண்டியை விலைக்கு வாங்கியது. அமெரிக்காவிலிருந்து வெளிநாட்டுக்கு விற்கப்பட்ட முதல் தானியங்கி வண்டி என்று இதைத்தான் பலர் குறிப்பிடுகிறார்கள். இந்தியாவுக்கென்று விலை பேசப்பட்ட வண்டி அது என்பதே நம்மில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும்.

1896ல் பெட்ரோல் எந்திரம் வைத்த வண்டி ஓடியது. 1897 ஆகஸ்டில் ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலர் சேர்ந்து 50,000 டாலர் மூலதனத்தில் ஓல்ட்ஸ் மோட்டார் வெஹிக்கிள் கம்பெனியைத் தொடங்கினார்கள். அதன் இயக்குநர்கள் போட்ட முதல் தீர்மானங்களில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது: முடிந்தவரை குறையில்லாத ஒரு வண்டியைச் செய்து, முடிந்தவரை சீக்கிரம் முடித்துக் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு வண்டி! அன்றைக்குக் கார் என்பது அப்படிப்பட்ட சரக்கு.

ஆனால் பணம் போதவில்லை. செம்பிலும் மரத்திலும் சம்பாதித்திருந்த சாமுவேல் ஸ்மித் என்ற செல்வந்தர் உள்ளே வந்தார். 1899 மே மாதம் ஓல்ட்ஸ் மோட்டார் ஒர்க்ஸ் உருவானது. ஸ்மித் போட்டது ஏறக்குறைய 2 லட்சம் டாலர். அவருடைய மகன் ஃப்ரெட் ஸ்மித் நிர்வாகத்துக்கு வந்தார். டெட்ராய்டில் ஜெஃபர்சன் அவென்யூவில் கார் செய்வதற்கென்றே ஒரு தொழிற்சாலை கட்டினார்கள். பழைய பட்டறையை மாற்றிப் பயன்படுத்தாமல், காருக்காகவே எழுப்பிய கட்டடம் என்பதே அப்போது பெரிய விஷயம்.

பணமும் வந்தது, கட்டடமும் வந்தது. என்ன வண்டி செய்வது என்பதில்தான் தெளிவு வரவில்லை. பெட்ரோல் வண்டி, பேட்டரி வண்டி என்று பல மாதிரிகளைச் செய்து பார்த்தார்கள். அதில் ஒன்றுக்கு 1,250 டாலர் விலை வைத்தார்கள். மின்சாரத்தில் ஸ்டார்ட் ஆகும், காற்றழுத்தத்தில் கிளட்ச் வேலை செய்யும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்து மெக்கானிக்குக்கு அது புரியவும் இல்லை, வாங்குகிறவருக்குக் கட்டுப்படியாகவும் இல்லை. முதல் ஆண்டு நஷ்டத்தில் முடிந்தது.

அந்த நஷ்டத்துக்குப் பிறகுதான், 1900ன் பிற்பகுதியில், ஓல்ட்ஸ் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு எதிர்த்திசையில் யோசித்தார். இரண்டு பேர் உட்காரும் வண்டி. எடை குறைவு. கிராமத்துக் கொல்லரும் பார்த்ததும் புரிந்துகொள்ளும் எந்திரம். விலை 650 டாலர்.

அந்த வண்டியின் உள்ளே

பார்ப்பதற்குக் குதிரை இல்லாத குதிரை வண்டி மாதிரிதான் இருக்கும். கால் வைக்கும் தட்டு முன்பக்கம் மேல்நோக்கி வளைந்து சுருண்டிருக்கும். அதனால்தான் கர்வ்ட் டாஷ் என்று பெயர். திருப்புவதற்கு வட்டமான ஸ்டீயரிங் கிடையாது, நடுவிலிருந்து வரும் ஒரு வளைந்த கம்பிதான். மொத்த எடை சுமார் 300 கிலோ. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 66 அங்குலம்.

இருக்கைக்கு அடியில் படுக்கை வசமாக ஒரே ஒரு சிலிண்டர். சிலிண்டரின் உள்விட்டம் (போர்) 4½ அங்குலம், அதற்குள் பிஸ்டன் நகரும் தூரம் (ஸ்ட்ரோக்) 6 அங்குலம். அதாவது ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேலான கொள்ளளவு, ஒரே சிலிண்டரில். கிடைத்த சக்தி சுமார் 4½ முதல் 5 குதிரைத்திறன். நிமிடத்துக்கு 500 சுற்று சுற்றும் எந்திரம், அதன் ஒவ்வொரு வெடிப்பையும் தனித்தனியாக எண்ணிவிடலாம் போலிருக்கும். ஒரு தந்திக் கம்பத்துக்கு ஒரு சத்தம் என்று அந்தக் காலத்தில் கேலியாகச் சொன்னார்களாம். அந்த மெதுவான ஓட்டம்தான் அதன் பலம். மெதுவாகச் சுற்றுகிற எந்திரத்தில் தேய்மானம் குறைவு, அதிர்ச்சியை விழுங்க ஃபிளைவீல் என்ற கனமான சுழல் சக்கரம் இருந்தது.

கியரில் முன்னே போக இரண்டு, பின்னே வர ஒன்று. எந்திரத்திலிருந்து பின் அச்சுக்குச் சங்கிலி. ஸ்டார்ட் செய்யும் கைப்பிடி இருக்கைக்குப் பக்கவாட்டில் இருந்தது. இறங்கிப் போய் வண்டி முன்னால் குனிந்து நிற்க வேண்டாம், உட்கார்ந்த இடத்திலிருந்தே சுழற்றலாம். வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர் வரை.

இந்த வண்டியில் நான் மிகவும் ரசிப்பது அதன் வில்லுப் பட்டைகளைத்தான். இரண்டு பக்கமும் முன் அச்சிலிருந்து பின் அச்சு வரை ஒரே நீளமாக ஓடும் பட்டைகள். வண்டியின் சட்டமும் அதுதான், குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங்கும் அதுதான். ஒரே பாகம் இரண்டு வேலை செய்தால் எடையும் குறையும், இரும்புச் செலவும் குறையும், பொருத்துவதற்கு ஆள் நேரமும் குறையும். அதோடு, அன்றைய கிராமத்துச் சாலைகளில் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலும் வண்டி முறுக்கிக் கொடுத்துக்கொண்டே போகும். விலையைக் குறைத்ததால் தரம் குறைந்த இடம் அல்ல இது. விலை குறைய வேண்டும் என்ற நெருக்கடியே நல்ல வடிவமைப்பைக் கொண்டுவந்த இடம்.

650 டாலரை 'ஏழைக்கும் எட்டும் விலை' என்று நினைத்துவிடக் கூடாது. அப்போது ஒரு சாதாரணத் தொழிலாளியின் ஓராண்டுச் சம்பளத்தைவிட அது அதிகம். ஆனால் ஒரு டாக்டருக்கோ சிற்றூர் வியாபாரிக்கோ எட்டும். குதிரை, வண்டி, லாயம், தீவனம் என்று ஏற்கெனவே செலவழித்துக்கொண்டிருந்த ஆள் அவர். ஓல்ட்ஸ் குறிவைத்தது அவரைத்தான். இதே விலைமட்டத்தில் லோகோமொபைல் என்ற நீராவி வண்டியும் விற்றது, நன்றாகவே விற்றது. ஆனால் நீராவி வண்டிக்குக் கொதிகலனைச் சூடேற்ற வேண்டும், தண்ணீர் மட்டத்தில் கண் வைத்திருக்க வேண்டும். நடுராத்திரியில் பிரசவம் பார்க்க அழைப்பு வரும் டாக்டருக்கு அது சரிப்படாது.

தீ என்ன செய்தது, என்ன செய்யவில்லை

1901 மார்ச் 9, சனிக்கிழமை. டெட்ராய்டு தொழிற்சாலையில் தீப்பிடித்தது. நேரக் கணக்கு எழுதும் ஜேம்ஸ் பிரேடி என்ற இளைஞர் உள்ளே இருந்த கர்வ்ட் டாஷ் மாதிரி வண்டி ஒன்றை வெளியே தள்ளிக் காப்பாற்றினார். பிரதானக் கட்டடம் சாம்பல். அந்த ஒரு வண்டியைக் கழற்றி, அதைப் பார்த்தே வரைபடம் போட்டு, வேறு வழியில்லாமல் அதை மட்டுமே தயாரித்தார்கள் என்பதுதான் பரவலான கதை.

பிரேடியின் துணிச்சலில் எனக்குச் சந்தேகம் இல்லை. 'வேறு வழியில்லாமல்' என்ற பகுதியைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. தீப்பிடிப்பதற்கு முன்பே இந்தச் சின்ன வண்டிக்கு விளம்பரம் வர ஆரம்பித்துவிட்டது, ஆர்டர்களும் வந்துகொண்டிருந்தன. பெரிய வண்டிகளில் பணம் கரைந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு எடுத்த முடிவு அது. மற்ற மாதிரிகளைக் கைவிட யாருக்காவது தயக்கம் மிச்சமிருந்தால், தீ அந்தத் தயக்கத்தை எரித்திருக்கும், அவ்வளவுதான்.

தீ உண்மையில் மாற்றியது வேறு இரண்டு விஷயங்களை. ஒன்று, இடம். லான்சிங் வியாபாரிகள் சங்கம் பழைய பொருட்காட்சி மைதானத்தில் 52 ஏக்கர் தருகிறோம், ஊருக்கே திரும்பி வாருங்கள் என்று அழைத்தது. ஓல்ட்ஸுக்குச் சொந்த ஊர்ப் பாசமும் உண்டு, வந்துவிட்டார். சில ஆண்டுகள் டெட்ராய்டு, லான்சிங் இரண்டிலும் வேலை நடந்தது. இரண்டாவது, இதுதான் முக்கியம்: சொந்த இயந்திரங்கள் போய்விட்டதால் பாகங்களை வெளியில் வாங்க வேண்டிய தேவை பல மடங்கு கூடியது.

வெளிப் பட்டறைகள்

டெட்ராய்டில் அப்போது நல்ல இயந்திரப் பட்டறைகள் நிறைய. அடுப்பு செய்கிறவர்கள், கப்பல் எந்திரம் செய்கிறவர்கள், சைக்கிள் பாகம் செய்கிறவர்கள். ஓல்ட்ஸ் அவர்களிடம் ஜாப் ஒர்க் கொடுத்தார், அதுவும் சில்லறையாக இல்லை. ஜான், ஹொரஸ் டாட்ஜ் சகோதரர்களுக்கு ஆயிரக்கணக்கில் கியர்பெட்டி ஆர்டர். லீலண்ட் அண்டு ஃபால்கனருக்கு 2,000 எந்திரம். தகர வேலை செய்த பெஞ்சமின் பிரிஸ்கோவுக்கு ரேடியேட்டர். பாடி வேலை வேறொருவருக்கு.

இதன் பயன் பணக் கணக்கில் உடனே தெரியும். இயந்திரங்களில் முதலீடு போட வேண்டியது பட்டறைக்காரர். கார் விற்ற பணத்திலிருந்து அவருக்குப் பட்டுவாடா செய்யலாம். சின்ன மூலதனத்தில் பெரிய எண்ணிக்கையை எட்ட அன்றைக்கு இதைவிடச் சுலபமான வழி இருந்திருக்காது. ஒரே மாதிரி வண்டி என்பதால்தான் இது சாத்தியமானது என்பதையும் கவனிக்க வேண்டும். மாதத்துக்கொரு மாதிரி மாற்றுகிற கம்பெனிக்கு எந்தப் பட்டறைக்காரரும் ஆயிரம் கியர்பெட்டிக்கு ஒரே விலை பேச மாட்டார்.

லீலண்ட் அண்டு ஃபால்கனர் பட்டறையின் ஹென்றி லீலண்டை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். துப்பாக்கித் தொழிற்சாலையில் பயின்று வந்தவர், அளவு சுத்தத்தில் பிடிவாதக்காரர். அவர் செய்தது ஓல்ட்ஸின் வரைபடத்தில் இருந்த அதே எந்திரம்தான். ஆனால் பாகங்கள் இன்னும் நெருக்கமான அளவில் பொருந்தியதால், அதே எந்திரம் கூடுதல் சக்தி தந்தது. கார் கண்காட்சி ஒன்றில் லீலண்ட் செய்த எந்திரத்தையும் இன்னொரு பட்டறையின் எந்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டிருந்தார்களாம். இரண்டும் ஒரே வேகத்தைக் காட்டின. பின்னால் எட்டிப் பார்த்தவருக்குத்தான் விஷயம் தெரிந்தது: லீலண்ட் எந்திரம் மட்டும் முந்திவிடாமல் இருக்க அதற்குப் பிரேக் போட்டு வைத்திருந்தார்கள். இந்தக் கதை வழிவழியாகச் சொல்லப்பட்டு வருவது, அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அளவுச் சுத்தத்தால் சக்தி கூடியது என்பதில் சந்தேகம் இல்லை.

லீலண்ட் அதோடு நிற்கவில்லை. எந்திரத்தைத் திருத்தி வடிவமைத்து, அதே ஒற்றை சிலிண்டரிலிருந்து 10 குதிரைத்திறன் எடுத்துக் காட்டினார். ஏறக்குறைய இரண்டு மடங்கு! ஓல்ட்ஸ் கம்பெனி வேண்டாம் என்றது. புதிய எந்திரத்தை ஏற்றால் கருவிகளை மாற்ற வேண்டும், உற்பத்தி தடைப்படும், இருக்கிற வண்டியே செய்யச் செய்ய விற்கிறதே என்பது அவர்கள் கணக்கு.

1902ல் ஹென்றி ஃபோர்டு விலகிப்போன ஒரு கம்பெனியை மூடுவதற்காக அதன் சொத்துகளை மதிப்பிட லீலண்டை அழைத்தார்கள். மூட வேண்டாம், என்னிடம் ஒரு நல்ல எந்திரம் இருக்கிறது என்றார் அவர். அப்படிப் பிறந்ததுதான் கேடிலாக் கார் கம்பெனி. ஓல்ட்ஸ் நிராகரித்த எந்திரம், ஓல்ட்ஸுக்கு நேர்ப் போட்டியாக வந்து நின்றது. இந்த ஆய்வில் எனக்கு முதல் எச்சரிக்கை மணி கேட்பது இங்கேதான். சின்ன வண்டியை மேம்படுத்தும் வாய்ப்பு கையில் வந்தது, அது நழுவவிடப்பட்டது.

சேப்பின் ஓட்டிய ஓட்டம்

வண்டி செய்தாகிவிட்டது, நம்ப வைக்க வேண்டுமே. 1901 அக்டோபர் கடைசியில் ராய் சேப்பின் என்ற 21 வயது ஊழியர் ஒரு கர்வ்ட் டாஷில் டெட்ராய்டிலிருந்து நியூயார்க் கண்காட்சிக்குக் கிளம்பினார். கம்பெனி விலைப்பட்டியலுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்த பையன் அவர். மொத்தம் 820 மைல், கிலோமீட்டரில் சொன்னால் 1,300க்கு மேல். கனடா வழியாகப் போய் நயாகரா பக்கம் மறுபடி அமெரிக்காவுக்குள் வந்தார். நியூயார்க் மாநிலத்தில் சாலை முழங்கால் சேறு. பக்கத்தில் ஈரி கால்வாய் ஓடியது. படகுகளை இழுக்கும் கோவேறு கழுதைகள் நடப்பதற்காகக் கரையில் கெட்டியான பாதை இருந்தது. வண்டியை அதில் ஏற்றி ஓட்டினார். கழுதைக்காரர்கள் திட்டித் தீர்த்தார்கள்.

ஏழரை நாளில் போய்ச் சேர்ந்தார். செலவான பெட்ரோல் 30 கேலன், தண்ணீர் 80 கேலன். பெட்ரோலைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேல் தண்ணீர் என்பதிலிருந்தே அந்த எந்திரம் எப்படிச் சூடாகியிருக்கும் என்று தெரிகிறது. சேறும் எண்ணெயுமாக வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலுக்குள் நுழையப் போனவரை வாசலில் தடுத்து, வேலைக்காரர்கள் போகும் வாசல் வழியாகப் போகச் சொன்னார்கள் என்பார்கள்.

பலன் உடனே கிடைத்தது. நியூயார்க் விற்பனையாளர் ரே ஓவனிடம் 500 வண்டி எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஓல்ட்ஸ் கேட்டார். அவர் 1,000 கேட்டார். ஒரு ஆண்டுக்கு முன்வரை கம்பெனி மொத்தமாகவே அத்தனை வண்டி செய்ததில்லை. 1901ல் 425 என்றிருந்த கணக்கு 1902ல் 2,500 ஆனது, 1903ல் 4,000. அதே 1903ல் லெஸ்டர் விட்மன், யூஜின் ஹேமண்ட் இருவரும் இந்தச் சின்ன வண்டியிலேயே சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நியூயார்க் வரை கண்டத்தைக் கடந்தார்கள். ஜெர்மனியில் லைப்சிக் பக்கத்தில் இசைப்பெட்டி செய்துகொண்டிருந்த பாலிஃபோன் கம்பெனி உரிமம் வாங்கி இதே வண்டியைப் பாலிமொபைல் என்ற பெயரில் செய்தது.

பிளவு

சரி, எல்லாம் நன்றாகத்தானே போய்க்கொண்டிருந்தது?

விற்பனை நன்றாக இருந்தது. வண்டி பழையதாகிக்கொண்டிருந்தது. பழுது பற்றிய புகார்கள் வந்தன. இதில் ஃப்ரெட் ஸ்மித்தின் தரப்பை நியாயமாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் பல எழுத்துகளில் அவரை வெறும் பணக்கார வீட்டுப் பிள்ளையாக முடித்துவிடுகிறார்கள். ஒற்றை சிலிண்டருக்கு எதிர்காலம் இல்லை என்று அவர் கணித்தது சரி. வாங்குகிறவர்கள் பின்னிருக்கை கேட்கத் தொடங்கினார்கள், மேடு ஏறும் சக்தி கேட்டார்கள் என்பதும் சரி. ஓல்ட்ஸோ ஓடுகிற வண்டியில் கை வைக்கப் பிரியப்படவில்லை. லீலண்ட் எந்திர விஷயத்திலேயே அது தெரிந்தது.

1903ல் ஃப்ரெட் ஸ்மித் டெட்ராய்டில் ஒரு சோதனைப் பொறியியல் பிரிவைத் தொடங்கினார், ஓல்ட்ஸிடம் சொல்லாமல். வண்டிக்குத் தன் பெயர், வடிவமைப்பு தன்னுடையது, ஆனால் தனக்குத் தெரியாமல் புதிய வண்டிக்கு ஆராய்ச்சி. ஓல்ட்ஸ் கோபமாகக் கடிதம் எழுதினார். ஒரே கூரையின் கீழ் இரண்டு அதிகாரம் நீடிக்கவில்லை. பங்குகளில் பெரும்பகுதி ஸ்மித் குடும்பத்திடம். 1904 தொடக்கத்தில் ஓல்ட்ஸ் வெளியேறினார். நாட்டிலேயே அதிகம் விற்கும் கார் கம்பெனியை விட்டு, அதைத் தொடங்கியவரே.

என் பார்வையில் இருவருமே பாதி சரி. வண்டி மாற வேண்டும் என்றார் ஸ்மித், அது உண்மை. வண்டி சின்னதாகவும் மலிவாகவும் இருக்க வேண்டும் என்றார் ஓல்ட்ஸ், அதுவும் உண்மை. 650 டாலர் விலையை அப்படியே பிடித்துக்கொண்டு அதற்குள் நல்ல எந்திரத்தைக் கொண்டுவருவதுதான் செய்ய வேண்டிய வேலை. அது கடினமான வேலை. ஸ்மித் சுலபமானதைத் தேர்ந்தெடுத்தார்: வண்டியைப் பெரிதாக்கு, விலையை ஏற்று. ஒரு வண்டிக்குக் கிடைக்கும் லாபம் கூடும் என்பது காகிதத்தில் சரியாக வந்திருக்கும்.

விலை ஏறிய பிறகு

ஓல்ட்ஸ் போன பிறகும் கர்வ்ட் டாஷ் சிறிது காலம் விற்றுக்கொண்டுதான் இருந்தது. 1905ல் இரண்டு வண்டிகள் நியூயார்க்கிலிருந்து ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டு வரை பந்தயம் ஓடின. 44 நாளில் முதலில் போய்ச் சேர்ந்தது 'ஓல்டு ஸ்கவுட்' என்று பெயர் வைத்த வண்டி. அந்த ஆண்டின் 6,500 விற்பனைதான் உச்சம்.

1906க்கு நான்கு சிலிண்டர் வண்டி வந்தது, விலை 2,000 டாலருக்கு மேல். இரண்டு சிலிண்டரில் வேறு வகை எந்திரம் வைத்து இன்னொன்று வந்தது, அது எடுபடவில்லை. சின்ன வண்டி ஓரங்கட்டப்பட்டு 1907ல் நின்றுபோனது. 2,000 டாலர் கொடுக்கக்கூடியவருக்கு முன்னால் அப்போது எத்தனையோ நல்ல கார்கள் இருந்தன, அவர் ஓல்ட்ஸைத் தேடி வர வேண்டிய அவசியமில்லை. 650 டாலர் வைத்திருந்தவர் ஓல்ட்ஸைத் தேடி வந்தார், அங்கே அவருக்கு வண்டி இல்லை. விற்பனை ஒரே ஆண்டில் நான்கில் ஒரு பங்காக விழுந்ததற்கு இதைத் தாண்டி விளக்கம் தேட வேண்டியதில்லை.

ஓல்ட்ஸை லான்சிங் விடவில்லை. 1904 ஆகஸ்டிலேயே புதிய கம்பெனி, பெரும்பான்மைப் பங்கு இந்த முறை அவரிடம். பழைய பெயரைப் பயன்படுத்த ஓல்ட்ஸ் மோட்டார் ஒர்க்ஸ் எதிர்ப்புத் தெரிவித்ததால் தன் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ரியோ என்று வைத்தார். ஒற்றை சிலிண்டர் சின்ன வண்டி ஒன்றும், இரண்டு சிலிண்டர் வண்டி ஒன்றும் செய்தார். சின்னதற்கு விலை? அதே 650 டாலர். 1907ல் ரியோவின் விற்பனை ஓல்ட்ஸ் மோட்டார் ஒர்க்ஸைப் பல மடங்கு மிஞ்சியது, அதுவும் அதே ஊரிலிருந்து.

வெளிப் பட்டறைகள் எங்கே போயின என்பது இதைவிடப் பெரிய கதை. டாட்ஜ் சகோதரர்கள் 1903லேயே புதிதாகத் தொடங்கிய ஃபோர்டு கம்பெனிக்கு 650 வண்டிக்கான எந்திரமும் அடிச்சட்டமும் செய்ய ஒப்பந்தம் போட்டு, கம்பெனியில் பத்து சதவிகிதப் பங்கும் வாங்கிவிட்டார்கள். பிரிஸ்கோ முதலில் ப்யூக் கார் கம்பெனிக்குப் பணம் கொடுத்தார், பிறகு மேக்ஸ்வெல் கார் கம்பெனியைத் தொடங்கினார். சேப்பின் பின்னாளில் ஹட்சன் கம்பெனிக்குத் தலைவர் ஆனார், 1932ல் அமெரிக்க வர்த்தக அமைச்சரும் ஆனார். டெட்ராய்டு கார் நகரமானதற்கு ஃபோர்டைக் காரணம் சொல்வது வழக்கம். ஆயிரக்கணக்கில் கார் பாகம் செய்யும் கையை அந்த ஊருக்குப் பழக்கியது ஓல்ட்ஸின் ஆர்டர்கள் என்பேன் நான்.

1903ல் நடந்த இன்னொரு சம்பவமும் இங்கே பொருந்தும். பெட்ரோல் காருக்கென்று செல்டன் என்பவர் வாங்கியிருந்த காப்புரிமையை வைத்து கார் கம்பெனிகள் சில ஒரு சங்கம் அமைத்தன. அதை அமைத்தவர்களில் ஃப்ரெட் ஸ்மித் முக்கியமானவர். ஃபோர்டு தரப்பு சேர விரும்பி அணுகியபோது, நீங்கள் வெளியில் வாங்கிப் பொருத்துகிறவர்கள்தானே, உற்பத்தியாளராகக் கருத முடியாது என்ற பாணியில் பதில் வந்தது. வெளிப் பட்டறைகளை நம்பி முதலிடத்துக்கு வந்த கம்பெனியின் தலைமை சொன்ன பதில் அது. தங்கள் வெற்றி எதனால் வந்தது என்பதை ஸ்மித் தரப்பு உள்ளபடி புரிந்துகொள்ளவில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை.

ஓல்ட்ஸ் மோட்டார் ஒர்க்ஸ் விலையை ஏற்றிய அதே 1906ல் ஃபோர்டு மாடல் என் வந்தது. நான்கு சிலிண்டர், 15 குதிரைத்திறன், விலை சுமார் 600 டாலர். ஸ்மித் கேட்ட எந்திரம், ஓல்ட்ஸ் கேட்ட விலையில். முதலிடம் ஃபோர்டுக்குப் போனது. மாடல் டி வருவதற்கு இரண்டு ஆண்டு முன்பே அது நடந்துவிட்டது.

1908 நவம்பரில் வில்லியம் டுரண்ட் தன் புதிய ஜெனரல் மோட்டார்ஸுக்காக ஓல்ட்ஸ் மோட்டார் ஒர்க்ஸை வாங்கினார். பெயரும் கட்டடங்களும் நல்ல விளம்பரப் பலகைகளும் இருந்தன, விற்பதற்கு ஓடுகிற வண்டி இல்லை. அவர் ஏற்கெனவே தன் கையிலிருந்த ப்யூக்கின் சிறிய மாதிரியான மாடல் 10ன் மர பாடியை லான்சிங் தொழிற்சாலைக்கு வரவழைத்து, நீளவாக்கில் ஒரு முறையும் குறுக்கே ஒரு முறையும் ரம்பத்தால் அறுக்கச் சொன்னார். நான்கு துண்டுகளையும் சில அங்குலம் தள்ளித் தள்ளி வைக்கச் சொல்லி, இந்த அளவுக்கு ஒரு வண்டி செய்யுங்கள், விலை 1,200 டாலர் வையுங்கள் என்றார். ஓல்ட்ஸ் கார்களின் விற்பனைப் பெயரான ஓல்ட்ஸ்மொபைலில், மாடல் 20 என்று 1909ல் வெளிவந்தது அதுதான். விற்பனை மறுபடி ஆயிரங்களுக்கு ஏறியது.